ஐந்தாம் சக்கரம் தேவைதானா?

நான்கு சக்கர வண்டிக்கு நான்கு சக்கரங்கள் போதும் என்பது எவரும் அறிந்த கணக்கு. ஆயினும் நம் கார்கள் பலவற்றுக்குச் சக்கரங்கள் ஐந்து. நான்கு சாலையில் உழைக்கின்றன. ஒன்று டிக்கியில் உறங்குகிறது. உறங்கும் அந்தச் சக்கரத்துக்கு நம் ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டெப்னி’.

தமிழ் அல்லாத இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்றோர் ஊர். அவ்வூரில் ஒரு தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அங்கே இரும்புக் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் ஒரு புதுப்பொருளைச் செய்தார்கள். அக்காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வசதியும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. பஞ்சரானால் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரித்து, ட்யூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடியும் காற்றடிக்க வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தினார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிச் செல்லலாம். தெருவின் பெயர் பொருளின் பெயராயிற்று. அப்பெயரை ஆங்கிலேயர் ஏறக்குறைய மறந்தே போனார்கள், நாம் மறக்கவில்லை.

நூறாண்டுகளுக்கு மேல் நம்மோடு பயணம் செய்த அந்த ஸ்டெப்னி இன்று மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. புதிய கார்கள் சிலவற்றின் டிக்கியைத் திறந்தால் அங்கே சக்கரம் இல்லை. ஒரு சிறு காற்றுப் பம்பும் ஒரு புட்டி பசையும் இருக்கின்றன. வேறு சில கார்களில் காற்று முழுதும் போனபின்னும் ஓடக்கூடிய ‘ரன்-பிளாட்’ டயர்கள் இருக்கின்றன. இது முன்னேற்றமா? அல்லது வண்டி செய்வோர் தம் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழியா? கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கும், சென்னைக்கும், வேலூருக்கும் காரில் போய் வருகின்ற குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், இது வண்டியின் அழகைப் பற்றிய கேள்வி அன்று. நள்ளிரவில் சாலையோரத்தில் நிற்கும் மனிதனின் உயிரைப் பற்றிய கேள்வி.

சுமப்பது எது?

காரைச் சுமப்பது ரப்பர் என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் சுமப்பது காற்று. ரப்பர் அக்காற்றை அடைத்து வைத்திருக்கும் பை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் எடை 1,200 கிலோ என்று கொள்வோம். நான்கு சக்கரங்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ. டயரினுள் இருக்கும் காற்றின் அழுத்தம், ஒரு சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் கிடைப்பது 130 சதுர சென்டிமீட்டர். விரித்த கை ஒன்றின் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் துணை செய்வதால் கணக்கு இம்மி பிசகாமல் வராது. ஆனால் உண்மை இதற்கு அருகில்தான் இருக்கிறது. நான்கு கைகளின் பரப்பளவு நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, அதன் மேல் ஒரு குடும்பமே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது!

காற்றைச் சுமைதாங்கியாக்கும் எண்ணம் 1845-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவருக்கு உதித்தது. அதற்கு அவர் உரிமமும் பெற்றார். ஆனால் அன்று காரும் இல்லை, மிதிவண்டியும் இன்றைய வடிவில் இல்லை, எண்ணம் உறங்கிவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடியும் கண்டார். 1895-இல் பிரான்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள் பாரீசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். வழிநெடுகப் பஞ்சர்! ஆயினும் கார் ஊர் வந்து சேர்ந்தது. உலகம் காற்றை நம்பத் தொடங்கியது. காற்றின் சுகமும் பஞ்சரின் துன்பமும் அன்றே சேர்ந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

காற்று போனால் என்ன நடக்கிறது?

ஆணி ஏறிய டயர் உடனே நின்றுவிடுவதில்லை. காற்று குறையக் குறைய வண்டியின் பாரம் டயரின் பக்கச்சுவர் மீது இறங்குகிறது. பக்கச்சுவர் மெல்லியது, வளைவதற்காகவே செய்யப்பட்டது. சுமை ஏறியதும் அது அளவுக்கு மீறி மடிகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது.

கார்ச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 700 முறை சுற்றும். நிமிடத்துக்கு 700 முறை மடிந்து நிமிரும் ரப்பர் என்ன ஆகும்? ஒரு கம்பியை விரைவாக வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள். வளைந்த இடம் சுடும். டயரிலும் அதுதான் நேர்கிறது. சூடு ஏறுகிறது, ரப்பர் தளர்கிறது, உள்ளே பின்னியிருக்கும் நூலிழைகள் பிரிகின்றன. கடைசியில் சக்கரத்தின் இரும்பு விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே அகப்பட்டு டயர் துண்டாகிறது. சில வேளைகளில் டயர் விளிம்பை விட்டே கழன்று, வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காமல் போகிறது.

ஆகவே பஞ்சர் என்பது இரண்டு துன்பங்கள் சேர்ந்தது. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி தடுமாறும் அபாயம். மற்றொன்று, ஓரிடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம். ஸ்டெப்னி முதல் துன்பத்துக்கு மருந்தே அன்று. இரண்டாவதற்கும் அது பாதி மருந்துதான். ஏனெனில் ஸ்டெப்னியை மாட்டுவதற்கும் நின்றுதானே ஆகவேண்டும்! நாம் சாலையின் இடப்பக்கம் செல்கிறவர்கள். வலப்பக்கச் சக்கரம் பஞ்சரானால், அதை மாற்றுகிறவனின் முதுகு, விரைந்து வரும் லாரிகளை நோக்கி இருக்கும். சக்கரத்தின் எடையோ பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல். இயந்திரத்தால் முறுக்கப்பட்ட நட்டுகளை வயதான ஒருவரால் கையால் தளர்த்த முடியாது. மழை இரவில், தனியாக வண்டி ஓட்டிவரும் ஒரு பெண்ணுக்கு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது என்ற செய்தி எவ்வளவு ஆறுதல் தரும்?

ஓடிக்கொண்டே இருக்க மூன்று வழிகள்

இந்தக் குறையை நீக்க விஞ்ஞானிகள் மூன்று வழிகளில் முயன்றார்கள்.

முதல் வழி, பக்கச்சுவரையே தூணாக்குவது. சாதாரண டயரில் மெல்லியதாக இருக்கும் பக்கச்சுவரின் உட்புறம், சூட்டைத் தாங்கும் கெட்டியான ரப்பரைத் தடித்த பட்டையாக வார்க்கிறார்கள். காற்று இருக்கும்போது காற்று சுமக்கிறது. காற்று போனால் சுவர் சுமக்கிறது. பொதுவாக இவ்வகை டயர் காற்றே இல்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் 80 கிலோமீட்டர் தொலைவு வரை ஓடும். இந்த 80 கிலோமீட்டருக்குள் அது ஏறத்தாழ 42,000 முறை சுற்றி, அத்தனை முறையும் மடிந்து நிமிர்ந்து, உடையாமல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். ஆயினும் 80 என்பது எல்லாக் காலத்துக்கும் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அன்று. வண்டியில் ஆள் நிறைந்திருந்தால், சாலை வெயிலில் காய்ந்திருந்தால், அத்தொலைவு குறையும்.

இரண்டாவது வழி, டயருக்குள்ளே ஒரு வளையத்தை ஒளித்து வைப்பது. காற்று போனதும் டயரின் அடிப்பாகம் அவ்வளையத்தின் மீது உட்கார்ந்துகொள்ளும். குண்டு துளைத்தாலும் நிற்காமல் ஓடவேண்டிய இராணுவ வண்டிகளில் இம்முறை பயன்படுகிறது. மிஷலின் நிறுவனம் ‘பேக்ஸ்’ என்ற பெயரில் இதைக் கார்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தனி இயந்திரம் வேண்டியிருந்தது; அந்த இயந்திரம் எல்லாக் கடைகளிலும் இல்லை. எனவே அது பரவாமலே நின்றுபோயிற்று. எவ்வளவு சிறந்த கண்டுபிடிப்பாயினும் தெருமுனைக் கடைக்காரரின் கைக்கு அடங்காவிட்டால் அது வாழாது என்பதற்கு இது ஒரு சான்று.

மூன்றாவது வழி, துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் டயர். டயரின் உட்புறத்தில் பிசுபிசுப்பான பசையைப் பூசி வைக்கிறார்கள். ஆணி ஏறினால் பசை அதைச் சுற்றி இறுகிக்கொள்ளும். ஆணியைப் பிடுங்கினாலும் துளையில் புகுந்து அடைத்துவிடும். சிறு ஆணிகளுக்கு இது நல்ல காப்பு. ஆனால் தரையைத் தொடும் பாகத்தில் விழும் துளைக்குத்தான் இது பயன்படும். கூரிய கல் பக்கச்சுவரைக் கிழித்தால் பசை என்ன செய்யும்?

காரில் நின்ற கதை

இவ்வழிகளுள் எதுவும் ஒரே நாளில் வெற்றி பெறவில்லை. 1970-களில் டன்லப் நிறுவனம் ‘டெனோவோ’ என்னும் டயரை வெளியிட்டது. காற்று போனதும் உள்ளிருக்கும் சிறு குப்பிகள் உடைந்து, வழுவழுப்பான ஒரு திரவத்தைச் சொரியும், உராய்வு குறையும், சூடு தணியும். ரோவர், மினி ஆகிய கார்களில் சிலர் அதை விரும்பி வாங்கினர். ஆனால் அது பொதுமக்களிடம் பரவவில்லை. 1980-களில் போர்ஷே 959 என்னும் அதிவேகக் காருக்கு ரன்-பிளாட் டயர்கள் வந்தன. 1997-இல் அமெரிக்காவின் கார்வெட் கார், ஸ்டெப்னியையே விட்டுவிட்டு, குட்இயர் நிறுவனத்தின் ரன்-பிளாட் டயர்களோடு வெளிவந்தது. அதன் பின்னர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கார்கள் பலவற்றில் இவ்வகை டயரைப் பொருத்தலாயிற்று.

பி.எம்.டபிள்யூ. என்றதும் கதை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அந்நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக்கு அருகே தன் தொழிற்சாலையைத் திறந்தது. டயர்த் தொழிலும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருவொற்றியூரில் 1946-இல் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961-இல் டயர் செய்யத் தொடங்கி இன்று உலகறிந்த நிறுவனமாகியுள்ளது. ரப்பரும் காரும் செய்யும் நாட்டில் வாழும் நாம், ரப்பரின் இயல்பையும் அறிந்திருப்பது முறையன்றோ?

சுரங்கம் சொல்லும் பாடம்

இனிக் கேள்விக்கு வருவோம். மாற்றுப் பொருள் ஒன்றை வைத்திருப்பது மேலா? அல்லது இருக்கும் பொருளையே எளிதில் விழாதபடி வலுவாக்குவது மேலா? இதற்கு விடை தேட நாம் டயர்க் கடைக்குப் போக வேண்டியதில்லை. தங்கவயலின் சுரங்கத்துக்குள் இறங்கினால் போதும்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் பெருவளர்ச்சி கண்டு, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களுள், சாம்பியன் ரீப் 3,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாளாமல் திடீரெனப் பாறை வெடிக்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பலர் அவ்வெடிப்புகளில் உயிர் நீத்தனர். அதைத் தடுக்க, தோண்டிய இடங்களை மரத்தாலும் கருங்கல் அடுக்குகளாலும், பிற்காலத்தில் கான்கிரீட்டாலும் தாங்கினார்கள். அத்தாங்கல்கள் பாறையை என்றென்றைக்கும் நிறுத்திவிடும் என்று எவரும் நம்பவில்லை. உள்ளிருப்பவன் வெளியேற அவகாசம் கிடைத்தால் போதும் என்பதே நோக்கம்.

அதே வேளையில் சுரங்கச் சட்டம் மற்றொன்றையும் கேட்டது: வெளியேற இரண்டு வழிகள் இருக்கவேண்டும். அந்த விதியின் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் மாபெரும் உத்தரம் முறிந்து விழுந்தது. அது விழுந்தது சுரங்கத்தின் ஒரே குழிக்குள். வழி அடைபட்டது, 204 பேர் மாண்டனர். அதே ஆண்டில் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழிகள் வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் பிறந்தது. பின்னர் அக்கொள்கை நம் நாட்டுச் சுரங்க விதிகளிலும் இடம்பெற்றது.

தாங்கல் தருவது அவகாசம். இரண்டாம் வழி தருவது மாற்று. ரன்-பிளாட் டயர் தாங்கலைப் போன்றது. ஸ்டெப்னி இரண்டாம் வழியைப் போன்றது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. எங்கே அவகாசம் உயிரைக் காக்கும், எங்கே மாற்று உயிரைக் காக்கும் என்று பிரித்தறிவதே அறிவுடைமை.

சட்டம் சொல்வது என்ன?

2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேருக்கு மேற்படாமல் செல்லும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்படாத வண்டிகளுக்கு ஒரு சலுகை கிடைத்தது. ட்யூப் இல்லாத டயர்களும், அவற்றைப் பழுதுபார்க்கும் சாதனமும், டயரின் காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவியும் இருந்தால் அவ்வண்டிக்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை. டிக்கியில் இடம் மிகும், எடை குறையும், மின்சாரக் கார்களில் மின்கலத் தொகுதிக்கும் இடம் கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்னிக்கு ஈடாகச் சட்டம் கேட்பது ரன்-பிளாட் டயரை அன்று. பழுதுபார்க்கும் சாதனத்தையும் எச்சரிக்கைக் கருவியையும்தான். இவை இரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். பசைப்புட்டியும் பம்பும் ஆணித் துளைக்கு உதவும். கிழிந்த பக்கச்சுவருக்கு உதவா. ரன்-பிளாட் டயரோ பக்கச்சுவரில் சிறு கிழிசல் விழுந்தாலும் பெரும்பாலும் ஓரளவு தூரம் ஓடிவிடும். ஆகவே ‘இந்தக் காருக்கு ஸ்டெப்னி வேண்டாம்’ என்று விற்பனையாளர் கூறினால், ‘அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குவோரின் கடமை.

நம் சாலையில் வைத்துப் பார்ப்போம்

சுரங்கம் மூடியபின் தங்கவயலின் வாழ்வு பெங்களூரை நோக்கித் திரும்பிவிட்டது. விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். ரயிலை விட்டால் கார். திருமணத்துக்கும், விமான நிலையத்துக்கும், பெரிய மருத்துவமனைக்கும் கார்தான். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒரு கார் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரை விட்டு வெளியேறியதும் டயரில் காற்று போகிறது. ரன்-பிளாட் டயரானால் கார் நிற்க வேண்டியதில்லை. பெங்களூர் வரை போக இயலாது. ஆனால் பங்காருபேட்டை அருகில் இருக்கிறது. 30 கிலோமீட்டரில் கோலார் இருக்கிறது. கோலாரைத் தாண்டியபின் காற்று போனாலோ பெங்களூரின் எல்லையையே எட்டிவிடக்கூடும். சாதாரண டயரும் ஸ்டெப்னியும் உள்ள காரானால்? அரைமணி நேரமாவது இருளில் நிற்க வேண்டும். அந்த அரைமணி நேரம், மூச்சுத் திணறும் ஒருவருக்கு எவ்வளவு நீண்டது!

புதிய விரைவுச் சாலை இவ்வாதத்துக்கு இன்னும் வலுவூட்டுகிறது. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் அச்சாலையில், ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரையிலான ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பகுதி 2024-இன் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வகுக்கப்பட்ட சாலை அது. பழைய சாலையில் பஞ்சரானால் கூப்பிடு தூரத்தில் ஒரு கடை, ஒரு தேநீர்க் கொட்டகை, உதவிக்கு வரும் நாலு பேர். வேலியிட்ட விரைவுச் சாலையிலோ குறிப்பிட்ட இடங்களில்தான் இறங்க முடியும். அங்கே ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்குகிறவன், மின்னல்போல் பறக்கும் வண்டிகளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். 80 கிலோமீட்டர் ஓடும் டயர், அச்சாலையின் அப்பகுதியில் எங்கே காற்றை இழந்தாலும் அடுத்த இறக்கத்தை எளிதில் அடைந்துவிடும். வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு இடப்புறமாகச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

ரன்-பிளாட் டயரின் விலை சாதாரண டயரைவிட மிகுதி. பக்கச்சுவர் விறைப்பானதால் மேடு பள்ளங்கள் இடுப்பெலும்பில் தெரியும். குழிகள் நிறைந்த தெருக்களில் அந்த விறைப்பே சக்கர விளிம்புக்கு எமனாவதும் உண்டு. காற்றில்லாமல் ஓடிய ரன்-பிளாட் டயரின் உட்பகுதி எவ்வளவு வெந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஆகவே அதை ஒட்டி மறுபடியும் பயன்படுத்த வேண்டாம் என்றே செய்தவர்கள் பெரும்பாலும் எச்சரிக்கிறார்கள். சிறு தொகையில் ஒரு ரப்பர் திரியைச் செருகி முடித்திருக்க வேண்டிய வேலை, புது டயர் வாங்கும் செலவில் முடியலாம். அந்த அளவிலான டயர் சிறு ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கோலார் வரை ஓடி வந்து சேர்ந்த கார், அங்கே டயர் கிடைக்காமல் இரண்டு நாள் நின்றால், ஓடி வந்ததன் பயன் பாதியாகிறதே! வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த இரண்டு நாள், இரண்டு நாள் பட்டினி.

அன்றியும், எச்சரிக்கைக் கருவி இல்லாத வண்டியில் இந்த டயரைப் பூட்டக்கூடாது. பக்கச்சுவர் வலுவாக நிற்பதால் காற்று போனதே ஓட்டுநருக்குத் தெரியாது. தெரியாமலே 120-இல் பறப்பான். 80 கிலோமீட்டரையும் கடப்பான். பிறகு தாங்கல் சரியும்போது எச்சரிக்கை ஏதும் இராது.

எனவே தீர்ப்பு யாது?

விரைவுச் சாலையிலும் பெருநெடுஞ்சாலையிலுமே பெரும்பாலும் செல்பவர், இரவில் தனியே வண்டி ஓட்டுபவர், சக்கரம் மாற்றும் உடல் வலிமை இல்லாதவர் ஆகியோருக்கு ரன்-பிளாட் டயர் கொடுத்த விலைக்குத் தக்க காவல். அவர்களுக்கு வேண்டுவது அவகாசம். கிராமத்துச் சாலைகளிலும் சிற்றூர்களிலும் ஓடும் வாடகை வண்டிக்கு ஸ்டெப்னியே இன்றும் சிறந்த துணை. அங்கே வேண்டுவது மாற்று. வசதியுள்ளவர் இரண்டையும் வைத்துக்கொண்டால் சுரங்கத்தின் பாடத்தை முழுமையாகக் கற்றவராவார். ஸ்டெப்னியும் இன்றிப் பசைப்புட்டியை மட்டும் நம்பிக் காட்டு வழியில் செல்வது, இரண்டாம் வழி இல்லாத சுரங்கத்தில் இறங்குவதற்கு நிகர்.

எந்த டயரானாலும் அதனைக் காப்பது ஓட்டுபவரின் கவனமே. மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது நான்கோடு நில்லாமல் ஐந்தாவதையும் பார்க்க வேண்டும். பல கார்களில் ஸ்டெப்னி இருக்கிறது. அதில் காற்று இருப்பதில்லை! டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். ‘2323’ என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது அது என்று பொருள். தேயாத டயரும் மூப்பால் வெடிக்கும். டிக்கியில் இருப்பது சிறிய ஸ்டெப்னியானால் அதற்கும் வேக வரம்பு உண்டு; பெரும்பாலும் அதுவும் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். பழைய கார் வாங்குவோர் டயரின் பக்கச்சுவரைப் படித்துப் பார்க்கட்டும். ‘ஆர்.எஃப்.டி.’, ‘இசட்.பி.’, ‘எஸ்.எஸ்.ஆர்.’ என்பன போன்ற எழுத்துகள் ரன்-பிளாட் டயரின் அடையாளங்கள். அவ்வகை டயர் மூன்றும் சாதாரண டயர் ஒன்றுமாகக் கலந்து பூட்டினால் வண்டி ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். அதைத் தவிர்க்க வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! வீட்டு வாசலில் நிற்கும் காரோ, வாடகைக்கு வந்த காரோ, புறப்படுமுன் ஒரு நிமிடம் டிக்கியைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது சக்கரமா, பசைப்புட்டியா, வெற்றிடமா என்று அறிந்துகொள்ளுங்கள். அதை அறிந்தபின் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் செல்வது என்பதை முடிவு செய்யுங்கள். விஞ்ஞானம் நமக்கு 80 கிலோமீட்டர் அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்த அவகாசத்தை எங்கே செலவிடுவது என்று எண்ணி வைப்பது நம் வேலை.